ஃபிளமெங்கோ கிட்டாரில் ட்ரெபிள் கம்பிகளுக்குச் சத்தே இல்லை, எங்கிருந்து தொடங்குவது?

ஆறுகம்பி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது ஒரு பிளாங்கா, அதாவது வெளிர் மரத்தில் செய்த ஃபிளமெங்கோ கிட்டார். பின்புறமும் பக்கங்களும் சைப்ரஸ், மேல்பலகை ஸ்ப்ரூஸ், கம்பி நீளம் 650 மி.மீ. வேறொருவர் பல வருடம் வாசித்த கிட்டார், என் கைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. பேஸ் கம்பிகள் பிரமாதம். கட்டைவிரலை மேலும் கீழும் அடிக்கும் அல்சாபுவா வாசித்தால் நெஞ்சில் வந்து இடிக்கிறது. விரல்களை விசிறி வாரி அடிக்கும் ரஸ்கேயாடோவும் காய்ந்த சத்தத்தோடு நன்றாக விழுகிறது.

தொல்லை ட்ரெபிளில், அதாவது மெல்லிய ஒலி தரும் முதல் மூன்று கம்பிகளில்தான். மூன்றாம் கம்பியான ஜி ஈரத்துணியைத் தட்டினாற்போல 'தொப்' என்கிறது. இரண்டாம் கம்பியான பி பரவாயில்லை ரகம். முதல் கம்பி திறந்து அடித்தால் கேட்கும்படி இருக்கிறது. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட்களில் ஏழாம் ஃப்ரெட்டைத் தாண்டினால் உள்ளே பருப்பில்லாத ஓடு மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டு விரலை மாற்றி மாற்றி ஒவ்வொரு சுரமாக அடிக்கும் பிகாடோவில் கீழிருந்து ஓடி மேலே போகும்போது, எந்த இடத்தில் சுடர்விட வேண்டுமோ அந்த இடத்தில்தான் அணைந்துபோகிறது. அது எனக்கு மிகவும் வலிக்கிறது.

கம்பிகள் சாதாரண நைலான், நடுத்தர இழுவிசை, போட்டு ஒரு மாதம். 12ஆம் ஃப்ரெட்டில் கம்பி உயரம் முதல் கம்பிக்கு 2.2 மி.மீ., ஆறாவதற்கு 2.7.

பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டினேன். மேல்பலகைக்கு அடியில் விசிறி மாதிரி ஒட்டியிருக்கும் கட்டைகளைக் கொஞ்சம் சீவினால் ட்ரெபிள் திறந்துகொள்ளும் என்றார். எனக்கு மனம் வரவில்லை. சீவுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

மரத்தூள் எழுதியது:

நல்லவேளை, கேட்டீர்கள். சீவ விடாதீர்கள்.

நான் கிட்டார் செய்கிறேன், பழுதும் பார்க்கிறேன். கட்டையைச் சீவினால் பலகை தளர்கிறது. தளர்ந்தால் பேஸ் பெருகும், பலகையின் தாழ்ந்த அதிர்வுகள் இன்னும் கீழே இறங்கும். ட்ரெபிளுக்கு வேண்டியது பெரும்பாலும் அதற்கு நேர்மாறானது: விறைப்பாகவும் எடை குறைவாகவும் இருக்கிற பலகை. ஏற்கெனவே பேஸ் இடிக்கிற கிட்டாரில் கட்டையைக் குறைத்தால் நீங்கள் சொல்லும் குறை கூடத்தான் வாய்ப்பு அதிகம். அதோடு, சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

என் வழக்கம் ஒன்றுதான். திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடியதை முதலில் தொடுவேன், முடியாததைக் கடைசியில். கம்பியின் இரண்டு முனைகளையும் முதலில் பாருங்கள். ஒரு முனையில் உங்கள் நகம், மறுமுனையில், மேல்பலகையில் கம்பியைக் கட்டும் பிரிட்ஜில் கம்பி ஏறி உட்காரும் பட்டையான சேடில். மூன்று அளவுகள் எடுத்துச் சொல்லுங்கள்:

பிரிட்ஜுக்குப் பக்கத்தில் முதல் கம்பி மேல்பலகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது? சேடில் பிரிட்ஜ் மரத்துக்கு மேலே எவ்வளவு தெரிகிறது? அந்தச் சேடிலை யாராவது எப்போதாவது தேய்த்திருக்கிறார்களா?

அலைநீளம் எழுதியது:

மரத்தூள் சொன்ன கடைசி வேலைகள் எல்லாம் கடைசியிலேயே இருக்கட்டும். 'ஏழாம் ஃப்ரெட்டைத் தாண்டினால்' என்ற வார்த்தையில் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. எங்கே மீட்டுகிறீர்கள்?

650 மி.மீ. கிட்டாரில் 19ஆம் ஃப்ரெட் சேடிலிலிருந்து சுமார் 217 மி.மீ. தள்ளி இருக்கிறது. ஒலித்துளை அதை ஒட்டித் தொடங்குகிறது. துளை 85 மி.மீ. என்று வைத்தால் அதன் பிரிட்ஜ் பக்க விளிம்பு ஏறக்குறைய 130 மி.மீ. தூரத்தில் வரும். 130 என்பது 650இல் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. அங்கே மீட்டினால் திறந்த கம்பியின் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மடங்கு அதிர்வுகளில் (மேல்சுரங்கள்) ஐந்தாவது அடங்கிவிடும், அதற்குக் கீழே உள்ள நான்கும் கிடைக்கும். சத்தான ஒலி.

இப்போது 12ஆம் ஃப்ரெட்டை அழுத்துங்கள். அதிரும் கம்பி 325 மி.மீ. ஆகிவிட்டது. வலது கை அதே 130இல் இருந்தால் இப்போது நீங்கள் மீட்டுவது ஐந்தில் இரண்டு பங்கு தூரத்தில், கம்பியின் நடுவுக்குப் பக்கத்தில். மேல்சுரங்கள் மெலிந்து ஒலி குழைந்துபோகும். கீழே கேட்ட அதே தன்மை மேலேயும் வேண்டுமென்றால் கை பிரிட்ஜை நோக்கி நகர வேண்டும். கணக்குப்படி 65 மி.மீ. வரை. அவ்வளவு தூரம் போனால் கம்பி விரலுக்கு விறைப்பாக இருக்கும், அதனால் 80, 90 என்று நிறுத்திக்கொள்ளலாம்.

இடது கை மேலே ஏறும்போது வலது கை பின்னால் போக வேண்டும். இரண்டு கையும் ஒரே திசையில் நகரும். நிறையப் பேர் வலது கையை ஒரே இடத்தில் நங்கூரம் போட்டு வாசிக்கிறோம். கிட்டாரைத் தொடாமல் இன்றைக்கே சோதித்துப் பார்க்கலாம்.

நகக்கண் எழுதியது:

அலைநீளம் சொன்னதை நான் வகுப்பில் கணக்கில்லாமல், காதால் சொல்லிக்கொடுப்பேன். எண்களோடு பார்க்க நன்றாக இருக்கிறது.

நான் நகத்தைப் பற்றிச் சொல்கிறேன். ட்ரெபிள் மெலிகிறது என்று வரும் மாணவர்களில் பாதிப் பேருக்கு மேல் நகத்தில்தான் காரணம் இருக்கிறது. நகத்தை வெளிச்சத்தில் உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பி, விரல்சதையும் நகமும் ஒரே கோட்டில் வருமாறு பாருங்கள். கம்பி முதலில் சதையைத் தொடும், பிறகு நகத்தின் இடது ஓரத்தில் ஏறும், விளிம்பு வழியாக வழுக்கி ஒரு புள்ளியில் விடுபடும். இந்தப் பாதையில் ஒரே ஒரு மூலை எழும்பி நின்றாலும் கம்பி அங்கே சிக்கி, வலுக்கட்டாயமாகப் பிய்ந்து வெளியேறும். அப்போதுதான் 'டிக்' என்று ஒரு மெல்லிய சத்தம் மட்டும் வரும், உடம்பு வராது. பேஸ் கம்பியில் இது தெரியாது, சுற்றியிருக்கும் உலோகத்தின் உரசலே அதை மூடிவிடும். வழவழப்பான நைலானில் ஒளிய இடமில்லை.

சோதனை: முதல் கம்பியை நகத்தால் மிக மெதுவாக, சுரம் வராதபடி, ஓரத்திலிருந்து விடுபடும் புள்ளி வரை இழுத்துப் பாருங்கள். ஒரே சீராக வழுக்க வேண்டும். எங்கேயாவது தடுக்கினால் அந்த இடத்தில்தான் வேலை. அரம் போட்ட பிறகு 1000, அப்புறம் 2000 நம்பர் உப்புத்தாள் போட்டு விளிம்பையும் உள்பக்கத்தையும் தேயுங்கள். உள்பக்கத்தை எல்லோரும் மறக்கிறார்கள். கம்பி உரசுவது அங்கேதான். கண்ணாடி மாதிரி ஆகும்வரை விடாதீர்கள்.

நீளமும் பாருங்கள். விரல் நுனியிலிருந்து 1, 1.5 மி.மீ. தாண்டினால் பிகாடோவில் நகம் கொக்கியாகிவிடும்.

அப்புறம் மீட்டும் திசை. ஃபிளமெங்கோவில் பிகாடோ என்றால் அடித்த விரல் அடுத்த கம்பியில் போய்ச் சாய்ந்து நிற்கும். கம்பியை மேல்பலகையை நோக்கி அமுக்கிவிடுவதுதான் அதன் உயிர். கம்பி பலகைக்குச் செங்குத்தாக ஆடினால் சேடில் வழியாகப் பலகை நன்றாக உந்தப்படும், சுரம் பருமனாக வரும். பலகைக்கு இணையாக, பக்கவாட்டில் மட்டும் ஆடினால் சுரம் நீளும், ஆனால் ஒல்லியாக இருக்கும். வேகம் கூடும்போது நம்மில் பலர் நம்மை அறியாமல் பக்கவாட்டில் சுரண்ட ஆரம்பிக்கிறோம்.

பழையபதிவு எழுதியது:

ஒரு வார்த்தை குறுக்கே. எந்த ஒலியை மனதில் வைத்துக்கொண்டு 'சத்தில்லை' என்கிறீர்கள்?

ரமோன் மொந்தோயா 1936இல் பாரிஸில் தனிக் கிட்டாராகப் பதிந்தவற்றைக் கேளுங்கள். அது குடல்நரம்புக் கம்பிகளின் காலம். நைலான் கம்பி 1940களில்தான் வந்தது. போர்க்காலத்தில் குடல்நரம்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆல்பர்ட் அகஸ்டின் அமெரிக்காவில் செய்து பார்த்தார். மொந்தோயாவின் உயர்ந்த சுரங்கள் பளிச்சென்று வந்து உடனே காய்ந்துவிடுகின்றன. பாடகருக்கும் ஆடுபவரின் காலுக்கும் நடுவே ஊடுருவிப்போக அப்படித்தான் இருக்க வேண்டும். சைப்ரஸ் கிட்டார் வளர்ந்த இடம் அது. பிறகு கிட்டார் தனியாக மேடையேறியது. ரோஸ்வுட் பக்கங்கள் உள்ள நெக்ரா பரவியது. பாகோ தெ லூசியாவின் பதிவுகளில் நாம் கேட்டுப் பழகிய கனமான, கொஞ்சம் நீண்ட ட்ரெபிள் அந்த மரபிலிருந்து வருகிறது. மைக்கும் எதிரொலியும் அதில் சேர்ந்திருக்கின்றன.

பிளாங்காவில் சுரம் சீக்கிரம் காய்வது குறையே இல்லை. தொடக்கத்திலேயே உடம்பு இல்லாமல் வருவதுதான் குறை. இரண்டையும் பிரித்துக் கேட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்று: வாசிப்பவர் கிட்டாருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். மேல் அதிர்வெண்கள் கிட்டாரின் முன்பக்கமாகத்தான் பாய்கின்றன, பேஸ்தான் எல்லாப் பக்கமும் பரவுகிறது. உங்கள் கிட்டாரை வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லி ஒன்றரை மீட்டர் முன்னால் உட்கார்ந்து ஒருமுறை கேளுங்கள்.

ஆறுகம்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதே வேலைதான்.

பழையபதிவு கேட்டதற்கு முதலில்: நண்பர் ஒருவர் வாசிக்க, முன்னால் உட்கார்ந்து கேட்டேன். மேலே போகும்போது நான் நினைத்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் குறை நிஜம். ஜி கம்பி முன்னால் கேட்டாலும் 'தொப்'தான். நீளம் எனக்குப் பிரச்சினையில்லை, சுரம் பிறக்கும்போதே மெலிந்து பிறக்கிறது.

நகக்கண் அக்கா சொன்னபடி நகத்தை இழுத்துப் பார்த்தேன். நடுவிரலில் வலது ஓரத்தில் அப்பட்டமாகத் தடுக்கியது. இத்தனை நாள் அது தெரியாமல் வாசித்திருக்கிறேன்.

மரத்தூள் அண்ணாவுக்கு அளவுகள்: பிரிட்ஜ் பக்கத்தில் முதல் கம்பியின் உயரம் 6 மி.மீ. சேடில் மரத்துக்கு மேலே முதல் கம்பி பக்கத்தில் ஒரு மி.மீ. கூடத் தெரியவில்லை. முன்பு வைத்திருந்தவர் கம்பி உயரத்தைக் குறைக்கத் தேய்த்தார் என்று கேள்வி.

மரத்தூள் எழுதியது:

6 குறைவு. ஃபிளமெங்கோவில் பிரிட்ஜ் பக்கம் 7 முதல் 8.5 வரை இருப்பது வழக்கம். கிளாசிக்கல் கிட்டாரில் 10, 11 என்று போகும். கம்பி பலகைக்கு நெருக்கமாக இருப்பதுதான் விரலால் பலகையில் கோல்பே தட்டவும் ரஸ்கேயாடோ அடிக்கவும் வசதி, அதனால் இங்கே அளவு சிறிது. ஆனாலும் 6க்கு வந்துவிட்டால் கம்பி சேடிலை அழுத்தும் கோணம் மிகவும் சரிந்துவிடுகிறது. முடிச்சுக் கட்டும்போது கம்பியே மேலெழும்பிக் கோணத்தை இன்னும் குறைக்கும்.

கம்பிகளைத் தளர்த்திச் சேடிலை வெளியே எடுங்கள். பென்சிலால் அடிப்பக்கம் முழுவதும் கருப்பாகத் தீட்டுங்கள். திரும்பப் பள்ளத்தில் வைத்து விரலால் அழுத்தி, ஒரு மி.மீ.க்கும் குறைவாக முன்னும் பின்னும் அசைத்து, எடுத்துப் பாருங்கள். மரத்தைத் தொட்ட இடத்தில் கரி அழிந்திருக்கும். தொடாத இடம் கருப்பாகவே இருக்கும். ட்ரெபிள் கம்பிகளுக்கு அடியில் என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.

அலைநீளம் எழுதியது:

கோணத்தைப் பற்றி ஒரு மாற்றுக் கருத்து. கம்பி சேடிலின் மேல் அசையாமல் உட்கார ஒரு குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். அதைத் தாண்டிய பிறகு கோணத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒலியும் கூடிக்கொண்டே போகும் என்று சிலர் சொல்வதை ஏற்க முடியவில்லை. பலகையை உந்துவது கம்பியின் இழுவிசையும் அதன் ஆட்டமும். உறுதியாக உட்கார்ந்துவிட்டால் போதும்.

மரத்தூள் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். நல்ல நிலையில் உள்ள கிட்டாருக்குக் கோணத்தைக் கூட்டும் பன்னிரண்டு துளைப் பிரிட்ஜ் போட்டுவிட்டு ஒலி இரட்டிப்பாகும் என்று எதிர்பார்ப்பவர்களிடம் நானும் இதையேதான் சொல்வேன். ஆனால் இவருடைய சேடிலில் ஒரு மி.மீ.கூட வெளியே இல்லை. அந்தக் குறைந்தபட்சத்துக்கே கீழே இருக்கிறார். இரண்டும் வேறு விஷயம்.

இரவுப்பயிற்சி எழுதியது:

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் ஜி கம்பி இதே மாதிரிதான் இருந்தது. கார்பன் கம்பிக்கு மாறினேன், நிறைய மாறியது. ஆனால் முதல் கம்பி கார்பனில் கொஞ்சம் கூர்மையாகிக் காதில் குத்துகிறது. மூன்றையும் மாற்ற வேண்டுமா?

அலைநீளம் எழுதியது:

இரவுப்பயிற்சி, நீங்கள் கேட்டதும் நல்லதுதான், இது ஆறுகம்பிக்கும் உதவும்.

நைலானின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறக்குறைய 1.1 கிராம். கார்பன் என்று விற்கப்படும் ஃபுளூரோகார்பன் 1.78 வாக்கில். நைலானில் ஜி கம்பியின் விட்டம் 1.02 மி.மீ. பக்கம், மூன்றிலும் தடித்தது, உலோகச் சுற்று இல்லாத வெறும் பிளாஸ்டிக் குச்சி. வளைவதற்கு ஒரு குச்சி காட்டும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். அதனால் அதன் மேல்சுரங்கள் சீக்கிரம் செத்துப்போகின்றன. 'தொப்' என்பது அதுதான். அடர்த்தி கூடிய கார்பனில் அதே சுரத்துக்கு, ஏறக்குறைய அதே இழுவிசைக்கு, விட்டம் 0.84 வாக்கில் வந்துவிடும். ஜி தெளிவாகிறது. முதல் கம்பி நைலானிலேயே மெல்லியது, அதற்கு இந்த நோய் இல்லை. அதையும் மெலிய வைத்தால் உங்களுக்கு வந்த மாதிரி குத்தும்.

நான் பல வருடமாக ஜி மட்டும் கார்பன், பி, ஈ இரண்டும் நைலான் என்றுதான் வைத்திருக்கிறேன்.

நகக்கண் எழுதியது:

நானும் அப்படித்தான். இழுவிசையைக் கூட்டினால் ட்ரெபிள் தானாகத் தடிக்கும் என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. மெல்லிய பலகையுள்ள பிளாங்காவில் அதிக இழுவிசை போட்டால் பல நேரம் ஒலி மூச்சு முட்டின மாதிரி இறுகிவிடும், ரஸ்கேயாடோவில் விரல்களுக்கும் வேலை கூடும். முதலில் நடுத்தரம்.

கம்பி பழசா என்றும் பாருங்கள். கம்பியின் அடிப்பக்கத்தை நகத்தால் தடவினால் ஃப்ரெட் பட்ட இடங்களில் சின்னப் பள்ளம் தட்டுப்படும். தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள், அல்லது முனையை மாற்றித் தலைகீழாகப் போடுங்கள்.

ஆறுகம்பி எழுதியது:

சேடிலை எடுத்துவிட்டேன். எழுதும்போதே கை நடுங்குகிறது.

பள்ளத்தின் அடியில், ட்ரெபிள் பக்கத்தில், மடித்து வைத்த ஒரு காகிதத் துண்டு. பழுப்பேறி, ஓரம் நார்நாராகப் போயிருந்தது. மூன்று மடிப்பு. ஜி கம்பிக்கு அடியிலிருந்து முதல் கம்பி வரை நீண்டிருந்தது. அளவுக்கு மீறித் தேய்த்த பிறகு கம்பி ஃப்ரெட்டில் உரசியிருக்க வேண்டும், அதைத் தூக்கிவிட இதை வைத்திருக்கிறார்கள் போல.

காகிதத்தை எடுத்துவிட்டுப் பென்சில் சோதனையும் செய்தேன். சேடிலின் இரண்டு முனைகளில் மட்டும் கரி அழிந்திருக்கிறது. நடுவில் டி, ஜி, பி மூன்றுக்கும் அடியில் கருப்பு அப்படியே பளபளக்கிறது. அளவுகோலை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் அடிப்பக்கம் வில் மாதிரி உள்ளே குழிந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது.

மூன்று வருடமாக என் ட்ரெபிள் எல்லாம் காகிதத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

மரத்தூள் எழுதியது:

வருத்தப்படாதீர்கள், இது நல்ல செய்தி. சரிசெய்யக்கூடிய காரணம் கிடைத்திருக்கிறது.

புதுச் சேடில் எலும்பில் செய்துகொள்ளுங்கள். தட்டையான கண்ணாடித் துண்டில் உப்புத்தாளை ஒட்டி, சேடிலை ஒரு சதுரக் கட்டையின் ஓரத்தில் சாய்த்து நிமிர்த்திப் பிடித்து அடியைத் தேயுங்கள். வெறும் கையால் பிடித்துத் தேய்த்தால் கட்டாயம் உருண்டுவிடும். பழையதற்கு நடந்தது அது போன்ற ஒன்றுதான். பள்ளத்தின் அடித்தளத்தையும் பாருங்கள், பழைய பசை, மரத்துணுக்கு இருந்தால் சுரண்டி எடுங்கள். தடிமன் சரியா என்பதற்கு அடையாளம்: விரலால் அழுத்தினால் இறங்க வேண்டும், கிட்டாரைக் கவிழ்த்துப் பிடித்தால் தானாக விழக் கூடாது. பென்சில் சோதனையில் கரி முழு நீளத்துக்கும் அழியும்வரை செய்யுங்கள்.

உயரம் பழையதைவிட ஒரு மி.மீ. கூடட்டும். அப்போது 12ஆம் ஃப்ரெட்டில் அரை மி.மீ.தான் கூடும். உங்களுடைய 2.2 காகிதத்தோடு எடுத்த அளவு என்பதால், மடிப்பின் தடிமனையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கம்பி 2.6, 2.7 வந்தால் ஃபிளமெங்கோவுக்கு இன்னும் சௌகரியமான உயரம்தான். கொஞ்சம் உரசல் ஒலி பிளாங்காவுக்கு அழகும்கூட.

சேடிலை உயர்த்த மனமில்லாதவர்கள் கம்பியைக் கட்டும் துளையில் சின்ன மணி கோத்துக் கட்டலாம். முடிச்சு கம்பியை மேலே தூக்காது, கோணம் கொஞ்சம் கிடைக்கும்.

கோல்பே தட்டும் பிளாஸ்டிக் தகட்டையும் கேட்கிறேன். தடித்ததா? பிரிட்ஜின் கால்வரை வந்து மூடியிருக்கிறதா? தடித்த தகடு பலகைக்குச் சுமை, அதிர்வையும் விழுங்கும். ஆனால் நீங்களாக உரிக்காதீர்கள். ஷெல்லாக் பூச்சாக இருந்தால் தகட்டோடு பூச்சும், சில நேரம் மரநாரும் சேர்ந்து வந்துவிடும்.

அறையின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஈரம் ஏறினால் பலகை உப்பி ட்ரெபிள் மந்தமாகும், இதைச் சேடில் கோளாறு என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஆறுகம்பி எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். மரத்தூள் அண்ணா சொன்னபடி ஒவ்வொன்றாகத்தான் செய்தேன். ஒவ்வொரு முறையும் ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரே இடத்தில் பதிவுக் கருவியை வைத்து, ஒரே ஓட்டத்தைப் பதிந்தேன்.

முதலில் நகம். நடுவிரலின் மூலையை எடுத்து, உள்பக்கத்தை 2000 தாளில் மெருகேற்றினேன். பிகாடோவில் ஒன்றுவிட்டு ஒரு சுரம் மெலிந்து வந்தது நின்றது. இவ்வளவு நாள் அதை வேகம் போதாத குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதோடு வலது கையை நகர்த்தவும் பழகினேன். 10ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே போனால் கை தானாகப் பின்னால் போகும்வரை தினமும் ஒரே ஸ்கேல். உயர்ந்த சுரங்களில் வந்த மாற்றத்தில் பெரும்பங்கு இதுதான், பதிவில் தெளிவாகத் தெரிகிறது.

பிறகு சேடில். முதல் சேடிலைக் கெடுத்துவிட்டேன், இரண்டாவதுதான் சரியாக வந்தது. கம்பிகளை ஏற்றி, பி கம்பியை ஒரே ஒரு முறை அடித்தேன். வீட்டில் இருந்தவர்கள் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சுரத்தின் தொடக்கத்தில் ஒரு கடினமான கொட்டை வந்து உட்கார்ந்திருக்கிறது, வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மூன்று கம்பிக்கும் அது வந்தது. கம்பி உயரம் இப்போது 2.6, 3.0.

கடைசியில் ஜி மட்டும் கார்பன். 'தொப்' போய்விட்டது. முதல் இரண்டு நாள் மற்ற இரண்டோடு ஒட்டாமல் தனியாகப் பளபளத்தது, இப்போது காது பழகிவிட்டது.

இரண்டு விஷயம் மிச்சம். கார்பன் ஜி திறந்த நிலையில் மட்டும் லேசாகக் கிரிகிரிக்கிறது. இன்னொன்று, முதல் கம்பியில் 9ஆம் ஃப்ரெட், சி ஷார்ப், அது மட்டும் பக்கத்துச் சுரங்களைவிட மங்கலாக வந்து சட்டென்று அவிகிறது.

மரத்தூள் எழுதியது:

மிகவும் சந்தோஷம்.

கிரிகிரிப்பு நட்டில், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் பட்டையில். அந்தப் பள்ளம் 1.02 மி.மீ. நைலானுக்கு வெட்டியது, மெலிந்த கம்பி அதில் பக்கவாட்டில் ஆடுகிறது. முதலாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் சத்தம் நிற்கிறதா? நின்றால் அதேதான். எலும்புத்தூளையும் சூப்பர் பசையையும் கலந்து பள்ளத்தை நிரப்பி, காய்ந்தபின் புது விட்டத்துக்கு வெட்ட வேண்டும். அடிப்பகுதி டியூனிங் கட்டைப் பக்கமாகச் சரிந்திருக்கட்டும், கம்பி விரல்பலகைப் பக்க விளிம்பில் விடுபட வேண்டும்.

சி ஷார்ப் வேறு கதை. 554 ஹெர்ட்ஸ். பலகையின் இயல்பான அதிர்வுகளில் ஒன்று அந்தச் சுரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். கம்பியின் சக்தியைப் பலகை ஒரே மூச்சில் வாங்கிக்கொள்கிறது. சோதித்துப் பார்க்கச் சுவரில் தாள் ஒட்டும் களிமண் பசையில் 4 கிராம் எடுத்து, பிரிட்ஜின் இறக்கையில் ட்ரெபிள் பக்கம் ஒட்டுங்கள். அந்தச் சுரம் தெளிந்து பக்கத்து ஃப்ரெட் மங்கினால் காரணம் பலகையேதான். பிரிட்ஜ் மரத்தில் மட்டும் ஒட்டுங்கள், மேல்பலகைப் பூச்சில் வேண்டாம்.

ஆறுகம்பி எழுதியது:

செய்து பார்த்தேன். முதலாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் கிரிகிரிப்பு நிற்கிறது, நட்டைச் சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன்.

4 கிராம் ஒட்டியதும் சி ஷார்ப் கணீரென்று வந்தது. மங்கல் 8ஆம் ஃப்ரெட்டுக்கு, சி சுரத்துக்கு இறங்கிவிட்டது. பசையை வைத்துக்கொண்டே ஒரு புலேரியாஸ் முழுவதும் வாசித்தேன். மொத்த ட்ரெபிளும் ஒரு போர்வைக்குள் போன மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன். சி ஷார்ப்பை இனிமேல் இரண்டாம் கம்பியின் 14ஆம் ஃப்ரெட்டில் எடுக்கப் பழகுகிறேன், அங்கே நன்றாக வருகிறது.